வகுப்பு விதிகள் ஏன் சுவரோடு நின்றுவிடுகின்றன?

கல்வியாண்டு தொடங்கியதும் பெரும்பாலான வகுப்புகளில் ஒரு சார்ட் ஏறிவிடும். அமைதியாக இருக்க வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும், கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது, ஆசிரியரை மதிக்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள், ஓரத்தில் பூ வரைந்து, கலர் ஸ்கெட்சில். மூன்றாவது வாரம் போய்ப் பார்த்தால் சார்ட் அதே இடத்தில் இருக்கும், வகுப்பில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உடனே நாம் வரும் முடிவு இரண்டில் ஒன்று: இந்தக் காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான், அல்லது தண்டனை போதவில்லை. இரண்டுமே தப்பு என்பது என் உறுதியான எண்ணம். விதியை எழுதுவது மொத்த வேலையில் சின்னப் பங்கு. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதும், பழகியதை நாள் தவறாமல் கவனித்துக்கொண்டே இருப்பதும்தான் பெரிய வேலை, அந்தப் பெரிய வேலைக்குத்தான் யாரும் பாடக் குறிப்பில் இடம் ஒதுக்குவதில்லை.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 1968-ல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் இரண்டு வகுப்பறைகளை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தார்கள். முதலில் விதிகள் மட்டும். ஆசிரியர் அவற்றை எடுத்துச் சொன்னார், எழுதிப் போட்டார், திரும்பத் திரும்ப நினைவூட்டினார்; பிள்ளைகளின் நடத்தையில் சொல்லும்படியான மாற்றம் வரவில்லை. அப்புறம், குறும்புகளைக் கண்டுகொள்ளாமல் விட்டு, பிள்ளைகள் ஒழுங்காக வேலை பார்க்கும் நேரத்தில் அதைக் கவனித்துப் பாராட்டத் தொடங்கினார்கள். வகுப்பு அப்போதுதான் மாறியது.

அதே ஆண்டு ஏறக்குறைய அதே குழு ஒன்றாம் வகுப்பில் இன்னொன்றைப் பார்த்தது. இடத்தை விட்டு எழுந்து திரியும் பிள்ளைகளைப் பார்த்து "உட்கார், உட்கார்" என்று ஆசிரியர் அதிகமாகச் சொல்லச் சொல்ல, எழுந்து நிற்பது கூடியதே தவிரக் குறையவில்லை. காரணம் யோசித்தால் புரியும். சொன்ன மறுநொடி அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது, அதனால் சொன்னது பலித்துவிட்டது என்று ஆசிரியருக்குத் தோன்றுகிறது. ஆனால் எழுந்தால்தான் டீச்சர் நம்மைப் பார்ப்பார் என்பதை அந்தப் பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்தே கற்றுக்கொள்கிறார்கள். அடக்குவதாக நினைத்துக்கொண்டு அதே நடத்தைக்கு நாமே தீனி போடுகிறோம், அதுவும் தொண்டை வற்ற.

இந்த இடத்தில் ஜேக்கப் கௌனின் என்ற உளவியலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தன் வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்தபோது, கண்டிக்கப்படாத மற்றவர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவரைக் கண்டிப்பது மற்றவர்களை எப்படித் தொடுகிறது என்று ஆராயத் தொடங்கியவர், பிறகு பல வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து, நல்ல கட்டுக்கோப்பான வகுப்புகளிலும் கலைந்து கிடக்கும் வகுப்புகளிலும் ஆசிரியர்கள் எப்படிக் கண்டிக்கிறார்கள் என்று ஒப்பிட்டார். கட்டுக்கோப்பான வகுப்பின் ஆசிரியர் இன்னும் கறாராக, அல்லது இன்னும் தெளிவாகக் கண்டிப்பார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். 1970-ல் அவர் வெளியிட்ட நூலில் இருக்கும் முடிவு வேறு: கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் தொடர்பே தெரியவில்லை. வித்தியாசம் எல்லாம் தப்பு நடப்பதற்கு முன்னால் இருந்தது. நல்ல ஆசிரியர் போர்டில் எழுதிக்கொண்டிருந்தாலும் பின்னால் நடப்பது அவருக்குத் தெரியும் என்று பிள்ளைகள் நம்பினார்கள். ஏனென்றால் அவர் தப்பைத் தொடங்கிய ஆளையே பிடித்தார், பார்த்துச் சிரித்தவனை இல்லை. அதையும் நாலு பேருக்குப் பரவுவதற்கு முன்பே பிடித்தார். ஒரு பிள்ளையின் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டே மூலையில் நடக்கும் தள்ளுமுள்ளை ஒரு பார்வையில் நிறுத்தினார். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு வகுப்பை இழுபறி இல்லாமல் நகர்த்தினார்.

கடைசியில் சொன்ன அந்த நகர்த்தல் மிக முக்கியம், விதிகளைப் பற்றிப் பேசும்போது நாம் தவறவிடுவதும் அதைத்தான். வகுப்பில் எப்போது கலாட்டா தொடங்குகிறது என்று ஒரு வாரம் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். பாடம் சூடு பிடித்து ஓடும்போது பெரும்பாலும் தொடங்குவதில்லை. உள்ளே வந்து உட்காரும்போது, நோட்டை எடுக்கும்போது, எழுதியதைத் திருப்பிக் கொடுக்கும்போது, ஒருவன் முடித்துவிட்டு மற்றவர்கள் முடிக்கக் காத்திருக்கும்போது, பெல் அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது. அதாவது இப்போது என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாத இடைவெளிகளில். இந்த இடைவெளிகளை எந்த விதியும் மூடாது. "அமைதியாக இரு" என்ற வரி, பேனாவில் மை தீர்ந்துபோன பிள்ளை இப்போது யாரிடம் போவது என்று சொல்லித் தருவதில்லை.

நோட்டு வாங்குவதையே எடுத்துக்கொள்வோம். "நோட்டைக் கொண்டு வந்து மேசையில் வையுங்கள்" என்று ஆசிரியர் சொல்கிறார். நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுகிறார்கள். நடுவழியில் இரண்டு பேர் மோதுகிறார்கள், ஒருவன் போகிற போக்கில் இன்னொருவன் பையைக் காலால் தள்ளுகிறான், மேசையில் அடுக்கியது சரிந்து விழுகிறது, எடுக்க ஐந்து பேர் குனிகிறார்கள், அதில் ஒருவன் தலை இன்னொருவன் மூக்கில் இடிக்கிறது. ஐந்து நிமிடம் போய்விட்டது, இரண்டு பேருக்குத் திட்டும் விழுந்துவிட்டது. இதே வேலைக்கு ஒரு நடைமுறை இருந்தால்: ஒவ்வொரு வரிசையிலும் கடைசியில் இருப்பவர் தன் நோட்டை முன்னால் இருப்பவரிடம் கொடுப்பார், அவர் தன்னுடையதை அதன் மேல் வைத்து முன்னால் தள்ளுவார், முதல் பெஞ்சில் இருப்பவர் மட்டும் எழுந்து வந்து மேசையில் வைப்பார். ஒரு நிமிடம் போதும். நடைமுறை இருக்கும் வகுப்பின் பிள்ளைகள் அது இல்லாத வகுப்பின் பிள்ளைகளைவிட நல்ல பிள்ளைகள் என்றில்லை. அவர்களுக்கு இடிபட வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் விதியையும் நடைமுறையையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். விதி எந்நேரமும் பொருந்துவது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்பது, யார் மேலும் கை வைக்காமல் இருப்பது, பிறர் பொருளைக் கேட்டு எடுப்பது. இது நான்கைந்துக்கு மேல் போனால் பிள்ளைகளுக்கும் நினைவில் நிற்காது, ஆசிரியருக்கும் நிற்காது. நடைமுறை ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொன்று. அது இருபது முப்பது இருந்தாலும் பாரம் இல்லை, ஏனென்றால் அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லை, கை தானாகப் பழகிவிடும். நம் சார்ட்டுகளில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. "பிறரை மதி" என்ற வரிக்குக் கீழேயே "குப்பையைக் கூடையில் போடு" என்று இருக்கும். அடிக்கக் கூடாது என்பதும் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்பதும் ஒரே எடையில் நிற்கும்.

பழக்குவது என்றால் என்ன? 1980-ல் எம்மர், எவர்ட்ஸன், ஆண்டர்சன் மூவரும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைப் பள்ளி திறந்த முதல் நாளிலிருந்து பின்தொடர்ந்து பார்த்து எழுதியது இன்றும் படிக்க வேண்டிய ஆய்வு. ஆண்டு முழுவதும் வகுப்பைச் சீராக நடத்தியவர்களிடமும் விதிகள் இருந்தன, தடுமாறியவர்களில் பலரிடமும் இருந்தன. சீராக நடத்தியவர்கள் முதல் சில வாரங்களில் விதிகளையும் நடைமுறைகளையும் பாடம் நடத்துவதைப் போலவே நடத்தினார்கள்: காரணம் சொன்னார்கள், செய்து காட்டினார்கள், பிள்ளைகளைச் செய்யச் சொன்னார்கள், தப்பாகச் செய்தால் திருத்தி மறுபடி செய்யச் சொன்னார்கள், கழிப்பறைக்குப் போவது பென்சில் சீவுவது உட்பட. மற்றவர்கள் படித்துக் காட்டிவிட்டுச் சிலபஸுக்குப் போய்விட்டார்கள். நீச்சல் எப்படி என்று சுவரில் எழுதிவைத்து யாரையும் தண்ணீரில் தள்ள மாட்டோம், வகுப்பு நடத்தையில் மட்டும் அதைத்தான் செய்கிறோம்.

முதல் வாரத்தில் இதற்கு நேரம் எங்கே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் ஒவ்வொரு பீரியடிலும் உட்காரவும் அடங்கவும் ஏழெட்டு நிமிடம் போகிற வகுப்பில், அந்த நிமிடங்களை ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் முதல் வாரத்தில் செலவாகும் நேரம் ஒன்றுமே இல்லை. உள்ளே நுழையும் நடைமுறையை மட்டுமாவது பழக்குங்கள். பிள்ளைகள் வரும்போதே போர்டில் ஒரு சின்ன வேலை எழுதியிருக்க வேண்டும், தினமும் அதே மூலையில். வந்ததும் பையை வைத்து, நோட்டை எடுத்து, அதைத் தொடங்க வேண்டும். ஆசிரியர் வாசலில் நின்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும். யார் அழுதுவிட்டு வருகிறார்கள், யார் இப்போதுதான் சண்டை போட்டுவிட்டு வருகிறார்கள் என்பது அந்த வாசலிலேயே தெரிந்துவிடும், அதைத் தெரிந்துகொண்டு நடத்தும் பாடம் வேறு மாதிரி இருக்கும்.

விதியின் வாசகம் பற்றியும் கொஞ்சம். ஒருவர் அதைச் செய்கிறாரா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடிய வேண்டும். "பொறுப்போடு நடந்துகொள்" என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது, ஆசிரியருக்கு ஒரு பொருள், பிள்ளைக்கு ஒரு பொருள், அப்பா அம்மாவுக்கு இன்னொன்று. "பேச வேண்டுமென்றால் கையைத் தூக்கிவிட்டுக் காத்திரு" என்பதில் குழப்பம் இல்லை. கூடாது, கூடாது, கூடாது என்று அடுக்குவதைவிட என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது நல்லது. ஓடாதே என்று சொன்னால் குழந்தை குதித்துக்கொண்டு போகும், நடந்து போ என்றால் நடக்கும். அப்புறம், ஆசிரியரால் ஒவ்வொரு முறையும் கவனிக்க முடியாத விதியை வைக்கவே வேண்டாம். வைத்துவிட்டு மூன்று நாள் பார்த்து நான்காம் நாள் விட்டுவிடும் விதி, மற்ற விதிகளையும் சேர்த்து அழித்துவிடும், ஏனென்றால் சொன்னதெல்லாம் நடக்காது என்று பிள்ளைகளுக்கு அது கற்றுத் தந்துவிடுகிறது.

காரணம் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குழந்தைகள் எல்லா விதியையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவர் வழியில் வந்தவர்களும் சின்னப் பிள்ளைகளிடம் கேட்ட கேள்வி எளிமையானது: டீச்சரே சரி என்று சொல்லிவிட்டால் இதைச் செய்யலாமா? வரிசையில் நிற்காமல் போவது, இடத்தில் உட்காராமல் இருப்பது போன்றவற்றுக்கு "டீச்சர் சொன்னால் செய்யலாம்" என்ற பதில் வந்தது. இன்னொருவரை அடிப்பதற்கு, டீச்சர் சொன்னாலும் தப்புதான் என்று பள்ளிக்கே வராத வயதுப் பிள்ளைகள்கூடச் சொன்னார்கள், வலிக்கும் என்பதே அதற்குக் காரணம். ஆக, பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்த ஒரு வித்தியாசத்தை மதிக்காமல், சீருடையில் பொத்தான் போடாததற்கும் நண்பனைக் கேலி செய்து அழவைத்ததற்கும் ஒரே குரலில் கத்தினால், இரண்டாவது எவ்வளவு பெரிய தப்பு என்பது அங்கே காணாமல் போய்விடுகிறது.

இன்னொன்று, சொல்லும் விதம். 1984-ல் கெஸ்ட்னர், ரயன் மற்றும் இருவர் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஓவியம் தீட்டச் சொன்னார்கள். வண்ணத்தைச் சிந்தக் கூடாது, சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற அதே கட்டுப்பாட்டை ஒரு குழுவுக்கு அதிகாரமாக, நல்ல பிள்ளையாக இருந்து சொன்னபடி செய் என்ற தொனியில் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், வண்ணத்தை இஷ்டத்துக்கு இழுப்பது ஜாலியாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்துப் பயன்படுத்த வருகிறவர்களுக்கும் இது நன்றாக இருக்க வேண்டும் இல்லையா என்று காரணத்தோடு சொன்னார்கள். அதிகாரமாகக் கேட்ட பிள்ளைகளுக்கு ஓவியத்தில் இருந்த ஆர்வம் குறைந்தது. காரணத்தோடு கேட்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. கட்டுப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாடு வைத்தாலே குழந்தையின் ஆர்வம் செத்துவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் வேண்டியதில்லை.

விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து உருவாக்கலாமா? உருவாக்கலாம், உருவாக்க வேண்டும், ஆனால் அதை நாடகமாக்கக் கூடாது. ஆசிரியர் மனதில் ஏற்கனவே இருக்கும் ஐந்து வரியைப் பிள்ளைகள் வாயிலிருந்து பிடுங்கும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால், எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது புரிந்துவிடும். மாற்றவே முடியாதவற்றை (அடிக்கக் கூடாது, ஆபத்தானதைத் தொடக் கூடாது) ஆசிரியரே நேராகச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே விட்டுக்கொடுக்கக்கூடிய இடங்களை மட்டும் பேச்சுக்குத் திறந்துவிடுவது நேர்மை: குழு வேலையில் எவ்வளவு சத்தம் இருக்கலாம், வேலையை முன்பே முடித்தவர் என்ன செய்யலாம், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட்டால் எப்படி நினைவூட்டலாம். தண்டனையை மட்டும் சின்னப் பிள்ளைகள் கையில் விடாதீர்கள். ழான் பியாஜே 1932-லேயே எழுதியிருக்கிறார், சின்ன வயதில் குழந்தைகள் கடுமையான தண்டனையே நியாயம் என்று நினைக்கிறார்கள், கெடுத்ததைச் சரிசெய்வதே சரி என்ற எண்ணம் வயது ஏற ஏறத்தான் வருகிறது என்று.

சேர்ந்து பேசுவதால் என்ன லாபம் என்பதற்கு இன்னும் பழைய சான்று ஒன்று உண்டு. 1939-ல் லெவின், லிப்பிட், வைட் மூவரும் பத்து வயதுச் சிறுவர் குழுக்களுக்கு மூன்று விதமான தலைவர்களை வைத்துப் பார்த்தார்கள்: எல்லாவற்றையும் உத்தரவாகச் சொல்பவர், குழுவோடு பேசி முடிவெடுப்பவர், எதிலும் தலையிடாதவர். உத்தரவு போடும் தலைவர் இருந்தவரை வேலை நடந்தது, அவர் அறையை விட்டு வெளியே போனதும் சரிந்தது. பேசி முடிவெடுத்த குழுவில் தலைவர் வெளியே போன பிறகும் வேலை ஓடியது. எதிலும் தலையிடாதவரின் குழு எப்போதுமே சரியாக வேலை செய்யவில்லை, பிள்ளைகளை அப்படியே சுதந்திரமாக விட்டுவிட வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதையும் படிக்க வேண்டும். பக்கத்து வகுப்புக்கு ஒரு நிமிடம் போய்விட்டு வந்தால் வகுப்பு எப்படி இருக்கிறது? விதி பழகியிருக்கிறதா, பயம் மட்டும் பழகியிருக்கிறதா என்பதை அங்கே கண்டுபிடித்துவிடலாம்.

சரி, எல்லாம் செய்தாகிவிட்டது, அதன் பிறகும் ஒருவன் விதியை மீறுகிறான். மீறத்தான் செய்வான். இங்கே எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம், விளைவு சின்னதாக இருக்கட்டும், தவறாமல் இருக்கட்டும், உடனே இருக்கட்டும் என்பது. பத்து முறை விட்டுவிட்டுப் பதினோராவது முறை பொங்கி எழுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. அந்தப் பதினோராவது முறை மாட்டியவனுக்கு அது நீதியாகத் தெரியாது, டீச்சருக்கு இன்று மூடு சரியில்லை என்றுதான் தெரியும். முதல் படி பார்வை, அடுத்தது பக்கத்தில் போய் நிற்பது, அடுத்தது காதோடு ஒரு வார்த்தை. பெரும்பாலானவை இதற்குள் முடிந்துவிடும். வகுப்பு முன்னால் நிறுத்தி "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பதால் ஒரு பயனும் இல்லை, முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் உண்மையான காரணத்தைச் சொல்லாது, ஒன்று மௌனம், இல்லையென்றால் எதிர்த்துப் பேச்சு. தனியாகக் கூப்பிட்டு, கோபம் ஆறிய பிறகு கேட்டால் சொல்லும். கெடுத்ததைச் சரிசெய்வது நல்ல விளைவு: கொட்டியதைத் துடைப்பது, கிழித்ததை ஒட்டித் தருவது, அழவைத்தவரிடம் போய்ப் பேசுவது.

பேசியவர்களின் பெயரை வகுப்பு லீடர், போர்டில் எழுதிவைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. 1976-ல் லீ கேன்டரும் மார்லீன் கேன்டரும் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரவிய ஒரு ஒழுங்கு முறையிலும் பெயரை போர்டில் எழுதி, மீறும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குறி போடுவது இருந்தது. பிள்ளையை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறது என்ற விமர்சனம் வந்த பிறகு அவர்களே அதைக் கைவிட்டு, ஆசிரியர் தன் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும் என்று மாற்றினார்கள். லீடரிடம் சாக்பீஸைக் கொடுப்பதில் இன்னொரு கேடு, ஒரு குழந்தையிடம் மற்றக் குழந்தைகள் மேல் அதிகாரத்தைக் கொடுப்பது. நண்பன் பெயர் அழிந்துவிடும், பிடிக்காதவன் பெயருக்கு மேல் பெருக்கல் குறி ஏறும். ஒருவன் செய்த தப்புக்கு மொத்த வகுப்பையும் நிற்கவைப்பதும், நூறு முறை எழுதச் சொல்வதும் இதே வகைதான். முதலாவது, ஒழுங்காக இருப்பதால் ஒரு பயனும் இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது, எழுதுவதே ஒரு தண்டனை என்று ஆசிரியர் வாயாலேயே ஒப்புக்கொள்கிறது.

அபராதம் வாங்குவதைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டுப் பார்த்தார்கள். க்னீசி, ருஸ்டிசினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அது. தாமதம் குறையவில்லை, கூடியது. காத்திருக்கும் ஆசிரியரை நினைத்துக் கூச்சப்பட்டு வேகமாக வந்தவர்கள், இப்போது காசு கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக வந்தார்கள், அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. பெரியவர்களிடமே இப்படி என்றால், வகுப்பில் தப்புக்கு விலை வைப்பது பிள்ளைகளிடம் எதைக் கலைத்துவிடும் என்று யோசிக்க வேண்டும்.

அடிப்பதைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. 1979-ல் ஸ்வீடன் வீடு உட்பட எல்லா இடத்திலும் குழந்தைகளை அடிப்பதைத் தடை செய்தது. 1989-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-வது பிரிவு, பள்ளி ஒழுங்கு என்பது குழந்தையின் மனித மாண்புக்கு ஏற்ற வகையில் இருக்க வேண்டும் என்கிறது. அடியும் அவமானமும் அந்த வட்டத்துக்கு வெளியே. கையில் பிரம்பு இல்லாமல் வகுப்பை நடத்த முடியாது என்று சொல்லும் ஆசிரியருக்கு யாரும் வேறு வழியைக் கற்றுத் தரவில்லை என்பதும் உண்மைதான், அந்தக் குறையைப் பயிற்சி தருபவர்கள் ஏற்க வேண்டும், பிள்ளையின் உள்ளங்கை ஏற்கக் கூடாது. எதிர்முனையில், எந்த மீறலுக்கும் மன்னிப்பே இல்லை, சஸ்பெண்ட்தான் என்ற கொள்கை அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதாகப் பரவியது. அதை ஆராய அமெரிக்க உளவியல் சங்கம் அமைத்த குழு 2008-ல் வெளியிட்ட அறிக்கை, அந்தக் கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பாகவோ ஒழுங்காகவோ ஆனதற்கு ஆதாரம் இல்லை என்று சொன்னது.

திரும்பத் திரும்ப மீறும் பிள்ளையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், எந்த விதியும் அவர்கள் மேல் ஒட்டாதது போல் தெரியும். அந்தப் பிள்ளைக்கு இன்னும் பெரிய தண்டனை கொடுப்பதற்கு முன்னால், ஒரு தாளை எடுத்து மூன்று விஷயம் மட்டும் குறியுங்கள்: எப்போது நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அதற்குப் பின் அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது. ஒரு வாரத்தில் ஒரு வடிவம் தெரிந்துவிடும். கணக்குப் பாடத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லும்போது மட்டும் கலாட்டா செய்கிறானா? அவனை வெளியே அனுப்பினால் அவன் வேண்டியது அவனுக்குக் கிடைத்துவிட்டது, வாசிப்பதிலிருந்து தப்பித்தாயிற்று, நாளைக்கு இன்னும் சீக்கிரமாகச் செய்வான். அங்கே பிரச்சினை ஒழுக்கம் இல்லை, வாசிக்க வராதது. இன்னொரு பிள்ளை யாராவது திரும்பிப் பார்த்தால் போதும் என்று செய்கிறது. அதற்கு, தப்புச் செய்யாத நேரத்தில் நாளைக்கு ஐந்து முறை பக்கத்தில் போய்ப் பேசுவதுதான் மருந்து. காது சரியாகக் கேட்காத பிள்ளை, போர்டு தெரியாத பிள்ளை, ராத்திரி தூங்காமல் வரும் பிள்ளை, ஓரிடத்தில் உட்காரவே உடம்பு ஒத்துழைக்காத பிள்ளை என்று இந்தப் பட்டியல் நீளம். அவர்களுக்கு விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை, விதிக்குள் வர ஒரு படிக்கட்டு வைக்கச் சொல்கிறேன்: எழுந்து நடக்க அனுமதியோடு ஒரு வேலை, முன் வரிசையில் ஓர் இடம், நீண்ட வேலையை மூன்று துண்டாக உடைத்துக் கொடுப்பது. மற்றப் பிள்ளைகள் "அவனுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டால், ஒவ்வொருவருக்கும் தேவையானது கிடைக்கும் என்று நேராகச் சொல்லுங்கள், அவர்கள் நாம் நினைப்பதைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

மொத்த வகுப்பையும் சேர்த்துப் பழக்க ஒரு பழைய வழி இருக்கிறது, 1969-ல் பேரிஷ், சாண்டர்ஸ், வோல்ஃப் நான்காம் வகுப்பு ஒன்றில் நடத்திக் காட்டிய நன்னடத்தை விளையாட்டு. வகுப்பு இரண்டு அணி, கேட்காமல் எழுந்தாலோ பேசினாலோ அணிக்கு ஒரு குறி, குறைவான குறி வாங்கிய அணிக்கு ஒரு சின்னச் சலுகை. இரண்டு அணியும் வரம்புக்குள் இருந்தால் இரண்டுமே ஜெயிக்கலாம். எழுந்து திரிவதும் பேச்சும் வெகுவாகக் குறைந்தன. 1980-களின் நடுவில் பால்டிமோர் நகரத்தில் ஒன்றாம் வகுப்பில் இதை விளையாடிய பிள்ளைகளை இருபது வயதுவரை பின்தொடர்ந்தார்கள். மூர்க்கமாக இருந்த சிறுவர்களில் இதை விளையாடியவர்கள் பிற்காலத்தில் போதைப்பொருள் சிக்கலில் விழுந்தது குறைவாக இருந்தது. ஒரு எச்சரிக்கை மட்டும். வேண்டுமென்றே அணியைத் தோற்கடிக்கும் ஒரு பிள்ளை வந்தால் மற்றவர்களின் கோபம் முழுக்க அந்தப் பிள்ளைமேல் திரும்பும். அப்போது அந்தப் பிள்ளையைத் தனி அணியாக்கிவிட வேண்டும், வகுப்பின் வெறுப்புக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது.

உட்காரும் முறையும் ஒரு விதிதான், சத்தமில்லாத விதி. தனியாக எழுதும் வேலைக்குப் பிள்ளைகளை ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டமாக உட்காரவைத்துவிட்டு, பேசாதே என்று சொல்வது நியாயம் இல்லை. தனி வேலைக்கு வரிசை, கலந்து பேசும் வேலைக்கு வட்டம், ஆசிரியர் எந்தப் பிள்ளையிடமும் சில எட்டில் போகக்கூடிய வழி. போன் விஷயத்தில், பெரிய வகுப்புகளில் ஒவ்வொரு ஆசிரியரும் தனித்தனியாகப் போராடுவது வீண். 2018-ல் பிரான்ஸ் 15 வயதுவரையிலான மாணவர்களுக்குப் பள்ளியில் போனைச் சட்டம் போட்டே நிறுத்தியது. மொத்தப் பள்ளிக்கும் ஒரே விதி இருந்தால் "அந்த சார் விடுகிறாரே" என்ற வாதமே எழாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், ஆசிரியர் மேலும் அந்த விதிகள் இருக்க வேண்டும். நேரத்துக்கு வர வேண்டும் என்ற விதி இருக்கும் வகுப்புக்கு ஆசிரியர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், வருத்தம் தெரிவித்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது என்றால், பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்வரை ஆசிரியரும் வாயைத் திறக்கக் கூடாது.

ஆண்டின் நடுவில் இதைப் படிக்கிறவர்களுக்கு: வகுப்பு ஏற்கனவே கைமீறிப் போயிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பழைய சார்ட்டைக் கழற்றுங்கள். ஒரு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள், "இதுவரை நடந்தது எனக்கும் பிடிக்கவில்லை, உங்களுக்கும் பிடித்திருக்காது, இன்றைக்கு ஒன்றை மட்டும் மாற்றப் போகிறோம்" என்று சொல்லிவிட்டு, மிக அதிகமாக நேரம் விழுங்கும் ஒரே ஒரு இடைவெளியை எடுங்கள். உள்ளே வந்து உட்காருவதோ, நோட்டு வாங்குவதோ, எதுவாக இருந்தாலும் சரி. செய்து காட்டுங்கள், செய்யச் சொல்லுங்கள், சரியாக வராவிட்டால் கோபப்படாமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் அதையே பிடித்துக்கொண்டிருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள், நடுவில் சில நாட்கள் முன்பைவிட மோசமாகத் தெரியும், அப்போதும் விடாதீர்கள். அது யாரும் சொல்லாமல் தானாக நடக்கத் தொடங்கிய பிறகு இரண்டாவதை எடுக்கலாம், அது எதுவாக இருக்கட்டும் என்று அப்போது பிள்ளைகளிடமே கேட்கலாம்.